சோற்றைக் குறைத்த பிறகு அம்மாவின் எடை இறங்கிக்கொண்டே போகிறது: புரதமும் கலோரியும் எவ்வளவு வேண்டும்?

காவிரிக்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 67. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற ஆண்டு சித்திரை மாதம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4 என்று வந்தபோது, சோற்றைப் பாதியாகக் குறைத்துப் புரதத்தைக் கூட்டும்படி மருத்துவர் சொன்னார். சோற்றைக் குறைக்கும் வேலையை அம்மா அன்றைக்கே தொடங்கிவிட்டார். புரதத்தைக் கூட்டுவது என்றால் எதை, எவ்வளவு, எந்த வேளையில் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்காததால் அது அப்படியே நின்றுபோனது.

சர்க்கரை இப்போது 7.1க்கு இறங்கியிருக்கிறது. ஆனால் 56 கிலோவாக இருந்த எடை 51 ஆகிவிட்டது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்கும்போது இரண்டு கைகளையும் ஊன்றுகிறார். மணிக்கட்டில் இறுக்கமாக இருந்த வளையல்கள் இப்போது முன்கை வரை ஏறி இறங்குகின்றன. "வயசானா இப்படித்தான்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, சென்ற வியாழக்கிழமை முழுவதும் அவர் சாப்பிட்டதை எடைபோட்டுக் குறித்து வைத்தேன். காலையில் இரண்டு சிறிய இட்லியும் இரண்டு கரண்டி தேங்காய்ச் சட்னியும். மதியம் 60 கிராம் அரிசியில் வடித்த சோறு, ஒரு கரண்டி சாம்பார், ரசம், ஒரு கிண்ணம் புடலங்காய்ப் பொரியல், அரைக்கால் தம்ளர் தயிரில் கரைத்த மோர். மாலையில் இரண்டு ரஸ்க். இரவில் மறுபடியும் இரண்டு இட்லி, சட்னி. இரு வேளைக் காபிக்கும் சேர்த்து 150 மில்லி பால், சர்க்கரை இல்லாமல். நான்கு பேருக்கான அன்றைய சாம்பாருக்கு அரை ஆழாக்கு துவரம் பருப்பு போட்டார்கள். எடைபோட்டபோது அது 70 கிராம் இருந்தது. முன்பெல்லாம் மதியமும் இரவும் சோறு, காலையில் மூன்று இட்லி என்று சாப்பிட்டவர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் அரிசி குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டார். இந்த வயதில் அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதமும் எவ்வளவு கலோரியும் தேவை? பருப்பைக் கூட்டினால் சர்க்கரை ஏறுமா, சிறுநீரகத்துக்குத் தொல்லை வருமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வைகை உணவியல் (மதுரை) பதில்:

அன்பரே, தாங்கள் எடைபோட்டு எழுதியிருப்பதால்தான் கணக்குப் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறது. மருத்துவமனை உணவியலாளராகப் பணிபுரியும் எனக்கு, "நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாமல் போன நாட்கள் மிகுதி.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். முயற்சி எடுக்காமலேயே ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது பொது விதி. தங்கள் தாயார் உணவைக் குறைத்தது உண்மைதான் என்றாலும், எடையைக் குறைக்க வேண்டும் என்று அவர் குறைக்கவில்லை. இழந்தது ஏறத்தாழ 9 சதவீதம். தைராய்டு உள்ளிட்ட வேறு காரணங்கள் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே முறை, சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் வெளியேறுகிறதா என்ற பரிசோதனையும் செய்துவிடுங்கள். எட்டு ஆண்டு சர்க்கரை நோயில் சிறுநீரகம் சிறிது பழுதாகியிருந்தாலும் வெளியே அறிகுறி தெரியாது. பழுது இருந்தால் புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நான் கீழே சொல்பவை சிறுநீரகம் நலமாக இருப்பவருக்கு உரியவை. நலமான சிறுநீரகத்தை, அன்றாட அளவில் உண்ணும் பருப்பும் பாலும் கெடுப்பதில்லை.

இனி கணக்கு. தாங்கள் குறித்த உணவைக் கூட்டிப் பார்த்தால், தாளிப்பு எண்ணெயையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 கலோரியும் 27 கிராம் புரதமும் வருகின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 51 கிலோவுக்கு அது 42 கிராம். முதுமையில் தசை புரதத்தை எளிதில் ஏற்பதில்லை என்பதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை கொடுக்கலாம் என்பது முதியோர் ஊட்டச்சத்தை ஆராய்பவர்கள் பலரின் கருத்து. ஆகவே தங்கள் தாயாருக்கு நான் வைக்கும் இலக்கு 50 கிராம். கலோரியில் 1,400 முதல் 1,500 வரை வேண்டும். இரண்டுமே பெரிய அளவில் குறைவாக இருக்கின்றன.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. அரிசி என்றாலே மாவுச்சத்து என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதமும் இருக்கிறது. சோற்றை நிறைய உண்டு பருப்பைக் குறைவாக உண்ணும் நம் வீடுகளில், ஒரு நாளைய புரதத்தில் பெரும் பங்கு அரிசியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 120 கிராம் அரிசியை நிறுத்தியபோது 420 கலோரியோடு 9 கிராமுக்கு மேல் புரதமும் சேர்ந்தே போய்விட்டது. சோறு குறைந்ததால் அதோடு பிசைந்து உண்ணும் சாம்பாரும் குறைந்தது. புரதத்தைக் கூட்டச் சொன்ன அறிவுரை, நடைமுறையில் புரதத்தைக் குறைத்துவிட்டது.

மீதமிருக்கும் 27 கிராமும் முழுமையாகப் பயன்படுவதில்லை. உடலுக்கு முதலில் வேண்டியது எரிபொருள். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரியும் கொழுப்பில் 9 கலோரியும் கிடைக்கின்றன. மொத்தக் கலோரி போதாதபோது, தசையைக் கட்ட வேண்டிய புரதத்தையே கல்லீரல் எரிபொருளாக மாற்றி, அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக வெளியேற்றிவிடுகிறது. அதுவும் போதாவிட்டால் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. விறகு தீர்ந்த வீட்டில் கதவுப் பலகையைப் பெயர்த்து அடுப்பில் வைப்பது போன்றது இது. தொடைத் தசை கரைவதைத்தான் தாங்கள் மாடிப்படியில் பார்க்கிறீர்கள்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். அதற்குப் பழைய அளவுச் சோற்றுக்குத் திரும்ப வேண்டியதில்லை. நான்கு பேருக்கு 70 கிராம் பருப்பு போட்டாலும், மதியம் அவர் ஊற்றிக்கொள்ளும் ஒரு கரண்டிச் சாம்பாரில் இப்போது வருவது ஏறத்தாழ 10 கிராம் பருப்புதான். அதை 30 கிராமாக்கினால் 4 கிராமுக்கு மேல் புரதம் கூடும். மோருக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் கொடுத்தால் மேலும் 3 கிராம். காலை பதினொரு மணிக்கு, 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல் 6 கிராம் தரும். மாலையில் ரஸ்க்கை நிறுத்திவிட்டு 25 கிராம் வேர்க்கடலை கொடுத்தால், ரஸ்க்கின் 2 கிராம் போய் 6 கிராம் வரும். 130 கலோரியும் சேரும். இரவு படுக்கும் முன் 150 மில்லி பால் 5 கிராம். இவ்வளவையும் கூட்டினால் புரதம் 49 கிராமுக்கும், கலோரி 1,350க்கு மேலும் வந்துவிடுகின்றன. இரவு இட்லிக்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாள் அடை வார்த்தால் மீதமும் நிறைவேறும். இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான் இருக்கிறது. அடைக்கு அரிசியும் பருப்பும் சமமாகப் போடலாம்.

பருப்பினால் சர்க்கரை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பருப்பிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் அதிலுள்ள நார்ச்சத்தும் புரதமும் அதை மெதுவாகவே இரத்தத்தில் சேரவிடுகின்றன. சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் கண்டிருக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவு அபாயம் குறையும் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இன்னும் ஒன்று. உணவைக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், சில வகை மாத்திரைகளால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோகும். அம்மாவுக்கு நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொருநைப் பெரியம்மா (திருநெல்வேலி) பதில்:

தம்பி, எனக்கு வயது 71. உங்கள் தாயாரைப் போலவே சைவம். உணவியலாளர் சொன்ன கிராம் கணக்கு முழுவதும் சரி. அதைச் சமையலறையில் நடத்திக் காட்டுவதில் உள்ள இடர்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

சாம்பாரில் பருப்பைக் கூட்டினாலும் அது எல்லோருக்கும் சமமாகப் போகாது. வெந்த பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கும். பரிமாறுகிறவர் மேலாகக் கரண்டியை விடுவார். கடைசியில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டுப் பெரியவளுக்கு அடிமண்டி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் புளித்தண்ணீர்தான். ஆகவே சாம்பாரை நம்பாதீர்கள். அம்மாவின் பங்குப் பருப்பைத் தனிக் கிண்ணத்தில் வேகவைத்து, மஞ்சளும் பெருங்காயமும் சீரகமும் போட்டு, அரைக் கரண்டி நெய் விட்டு, முதல் சோற்றுக்குக் கெட்டிப் பருப்பாகப் போடுங்கள். குக்கரில் அரிசிக்கு மேல் ஒரு சிறு டப்பாவை வைத்தால் தனி எரிவாயுச் செலவும் இல்லை. பருப்பில்லாத குழம்பு வைக்கும் நாளில் துவரம் பருப்புத் துவையல் அரையுங்கள். வறுத்து அரைத்த துவையல் ரசஞ்சாதத்துக்கு நன்றாகச் சேரும். பல் இல்லாதவர்களும் உண்ணலாம்.

முழு வேர்க்கடலையை மெல்ல முடியாவிட்டால், வறுத்த கடலையை இரண்டு மிளகாய் வற்றலோடும் சிறிது புளியோடும் அரைத்து, காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாகத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். தேங்காயில் கலோரி உண்டே தவிர புரதம் மிகக் குறைவு. கடலையில் இரண்டும் உண்டு.

வயிறு உப்பும் என்று அம்மா பயப்படுவார், நானும் பயந்தேன். முதல் வாரத்தில் பாசிப்பயறு மட்டும் போதும். அது எளிதாகச் செரிக்கும். இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்டு, விரலால் அழுத்தினால் மசியும் வரை வேகவிடுங்கள். இரண்டாம் வாரம் தட்டைப்பயறு, அதன் பிறகு கொண்டைக்கடலை என்று போனால் வயிறு பழகிக்கொள்ளும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பல வீடுகளில் ரேஷனில் குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்புதான் மாதம் முழுவதற்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் அதைப் பிரித்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வருகிறது. அதில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராமைத் தாண்டாது. ஆளுக்கு 30 கிராம் என்றால் மாதம் மூன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் துவரம் பருப்பாக வாங்க வேண்டியதில்லை. கொள்ளும், தட்டைப்பயறும், கறுப்புக் கொண்டைக்கடலையும் எங்கள் ஊர்ச் சந்தையில் விலை குறைவு. புரதத்தில் அதிகம் பின்தங்கியவையும் அல்ல.

நீலமலை (குன்னூர்) பதில்:

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன் நான். கலோரி குறைந்தால் புரதம் வீணாகும் என்று உணவியலாளர் எழுதியதைப் படித்ததும், அந்த உண்மைக்காக நம் நாட்டில் நடந்த நீண்ட வாதம் நினைவுக்கு வந்தது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் எங்கள் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் பெரிபெரி நோய் ஆய்வுக்கூடமாக ஓர் அறையில் தொடங்கியது. 1958இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. பின்னர் அதன் இயக்குநராக இருந்தவர், சேலத்தில் பிறந்த சி. கோபாலன். 1960களில் உலகம் முழுவதும், ஏழை நாடுகளின் குழந்தைகள் மெலிவதற்குப் புரதப் பஞ்சமே காரணம் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. 1968இல் ஐக்கிய நாடுகள் அவையே புரத நெருக்கடி வரப்போகிறது என்று எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. மீன் மாவு, எண்ணெய் வித்துப் புண்ணாக்கிலிருந்து எடுத்த மாவு என்று பலவற்றையும் உணவில் கலக்கும் திட்டங்கள் தீட்டப்பட்டன.

கோபாலனும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியக் குழந்தைகளின் உணவை நேரில் ஆராய்ந்தபோது, உடல் வீங்கும் குவாஷியார்க்கர் நோயுற்ற குழந்தையும் எலும்பும் தோலுமான மராஸ்மஸ் நோயுற்ற குழந்தையும் ஏறத்தாழ ஒரே வகை உணவைத்தான் உண்டு வந்தன என்று கண்டார்கள். தானியமும் சிறிது பருப்பும் கொண்ட அந்த உணவையே குழந்தை வயிறு நிறைய உண்டால், புரதத் தேவையும் பெரும்பாலும் அதிலேயே நிறைவேறிவிடும். குறை உணவின் மொத்த அளவில்தான் இருந்தது. உண்ணும் அளவு போதாதபோது, உண்ட புரதமும் எரிந்துபோகிறது. பி. வி. சுகாத்மே என்ற புள்ளியியல் அறிஞரும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார். 1974இல் டொனால்ட் மெக்லாரன் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர், அதுவரை நடந்த புரதத் திட்டங்களைப் பெருந்தோல்வி என்றே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்.

அந்த வாதத்தை இன்றைய நம் வீடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. அன்றைய குழந்தைக்கு வயிறு நிறையவில்லை. இன்றைய அலுவலகக்காரருக்குக் கலோரி நிரம்பி வழிந்தும் பருப்பு குறைவாக இருக்கிறது. ஆனால் சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும் முதியவர், அந்தக் குழந்தையின் நிலைக்கே திரும்பிப் போகிறார் என்பதுதான் என் கவலை.

சோறும் பருப்பும் சேர வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவில் இரண்டையும் உண்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரிக்கு வகுத்த தட்டில் 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பும் இருப்பதைப் பாருங்கள். ஏறத்தாழ அதே விகிதம். காவிரிக்கரை அன்பரின் வீட்டில் அன்று மதியம் 60 கிராம் அரிசிக்கு 10 கிராம் பருப்பு; பாதியளவுதான்.

நொய்யல் (கோவை) பதில்:

நான் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். இவ்வளவு வேகவைத்து, அரைத்துச் சிரமப்படுவதற்குப் பதிலாக, ஒரு கரண்டி புரதப் பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்தால் 24 கிராம் புரதம் ஒரே வேளையில் வந்துவிடுமே. முதியவர்களுக்கு அது எளிதல்லவா? தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

வைகை உணவியல் (மதுரை) பதில்:

நியாயமான கேள்விதான், தம்பி. வாயில் புண் வந்தவர், அறுவைச் சிகிச்சை முடிந்தவர், எதையும் மெல்ல முடியாதவர் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லி நாங்களே பொடி கொடுக்கிறோம். ஆனால் தாங்கள் சொல்லும் ஒரு கரண்டிப் பொடியில் கலோரி 120 மட்டுமே. இந்த அம்மாவுக்கு நாளொன்றுக்கு 400 கலோரிக்கு மேல் குறைகிறது. பொடியைக் குடித்துவிட்டுப் பசி அடங்கி, இரவு இரண்டு இட்லியில் ஒன்றைத் தள்ளிவிட்டாரானால் கலோரிப் பள்ளம் இன்னும் ஆழமாகும். குடித்த புரதமும் எரிபொருளாகவே போகும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்கும்படியே சொல்கின்றன. பருப்பையும் சுண்டலையும் உண்ண முடிகிறவரை அதுதான் இவருக்கு ஏற்றது. நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் அதோடு சேர்ந்து வருகின்றன.

முன்பு எழுத மறந்த ஒன்று: எவ்வளவு புரதம் கொடுத்தாலும், வேலை கொடுக்காத தசை வளராது. மருத்துவர் அனுமதித்தால், கை வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்து எழுவதைக் காலையில் பத்து முறையும் மாலையில் பத்து முறையும் செய்யச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (கும்பகோணம்), நான்கு வாரங்களுக்குப் பிறகு:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பரிசோதனைகள் முடிந்தன. தைராய்டு சரியாக இருக்கிறது. கிரியாட்டினின் அளவும் சிறுநீர் அல்புமினும் இயல்பான எல்லைக்குள் இருப்பதாகச் சொல்லி, 50 கிராம் புரதத்துக்கு மருத்துவர் ஒப்புக்கொண்டார். நடுக்கமும் வியர்வையும் வருவதுண்டா என்று அம்மாவிடம் கேட்டபோது, மாலை நாலரை மணிக்கு வாரம் இரண்டு முறையாவது வருகிறது என்றும், சொன்னால் நாங்கள் பயப்படுவோம் என்று சொல்லாமல் இருந்தார் என்றும் தெரிந்தது. மாத்திரை ஒன்றின் அளவைப் பாதியாக்கியிருக்கிறார்கள்.

பெரியம்மா சொன்னபடி குக்கரில் தனி டப்பாவில் அம்மாவின் பருப்பு வேகிறது. மூன்றாவது வாரத்தில் கொண்டைக்கடலைக்கு வந்துவிட்டோம். வயிற்றுத் தொல்லை இல்லை. வேர்க்கடலைச் சட்னியை வீட்டில் எல்லோருமே விரும்புகிறோம். பதினொரு மணிச் சுண்டலில்தான் சிக்கல் வந்தது. எடை 51ஐ விட்டு நகராததைப் பார்த்து இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். அம்மா கிண்ணத்தை வாங்கி, நான்கு பயறை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என் மகன் பள்ளியிலிருந்து வந்ததும் கொடுப்பதற்காக மூடி வைத்துவிடுகிறார். இப்போது பையனுக்குத் தனிக் கிண்ணம் வைத்து, அதை அம்மாவிடமே முதலில் காட்டிவிடுகிறோம். அதன் பிறகு தம்முடையதைச் சாப்பிடுகிறார்.

இன்று காலை எடை 51 கிலோ 600 கிராம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஏழு முறை எழுகிறார். எட்டாவது முறைக்குக் கை தேவைப்படுகிறது. ஏகாதசி அன்று ஒரு வேளை விரதம் இருப்பார். அன்றைக்குப் பாலும் பழமும் மட்டுமே என்பதால், அந்த நாளின் கணக்கை எப்படிச் சரிசெய்வது என்று உணவியலாளர் சொன்னால் உதவியாக இருக்கும்.